ரோல்ஸ் பந்தயத்தில் எல்லோருக்கும் ஆறு புள்ளி

1

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முந்நூறு மட்டன் ரோல்ஸைப் பந்தயத்தில் தோற்றேன். பந்தயம் பிடிக்கிறவர்கள் தோற்பது வழக்கம். அதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. நான் பந்தயம் நடத்துகிறவனாக இருந்து தோற்றேன். பந்தயக் கடைக்காரன் தோற்பது உலகத்தில் அபூர்வமாக நடக்கிற காரியம். அந்த அபூர்வத்தை எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்காக, சம்பளம் எதுவும் வாங்காமல் செய்துகொடுத்தேன்.

எனக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கவுன்சிலில் வரிக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. கணக்கியல் பரீட்சையில் இரண்டாம் கட்டம் வரை சித்தியடைந்தவன். மூன்றாம் கட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று என் கலியாணம் பேசியபோது பெண்வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. அதை இன்றுவரை யாரும் திரும்பப் பெறவில்லை.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், இப்போது பொடியன்கள் போனிலேயே பந்தயம் பிடிக்கிறார்களாம். அவர்களுக்கு அடிப்படைகளை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். என்னைவிடத் தகுதியான ஆள் லண்டனில் கிடைப்பது கடினம்.

2

வெம்பிளியில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் ஒரு பெட்டிங் கடை இருக்கிறது. கண்ணாடி முழுக்கக் காற்பந்துக்காரர்களின் படங்களை ஒட்டியிருப்பதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களின் தேவையை அறிந்து கட்டிய கடை.

நான் உள்ளே போனது மழைக்கு ஒதுங்க. அங்கே ஏற்கெனவே மூன்று தமிழர் நின்றார்கள். அவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்கள்தான். ஒருவர் கோயில் திருவிழாவில் என்னோடு சேர்ந்து தேர் இழுத்தவர். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் நாங்கள் அங்கே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அன்று நல்ல வெயில்.

கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், மீன்கடையில் கேட்கிற பழக்கத்தில், "இன்றைக்கு எது நல்லது?" என்று கேட்டேன். ஆலோசனை சொல்லத் தனக்கு அனுமதியில்லை என்றாள். மீன்கடைக்காரர் இவ்வளவு நேர்மையாக ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. ஒரு குதிரையில் இரண்டு பவுண் வைத்தேன். அது மற்றக் குதிரைகளை முன்னே விட்டுப் பின்னால் வந்தது. நல்ல வளர்ப்பு.

அங்கே நின்று நான் கண்ட ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் முதல் பந்தயத்தை வெல்வதற்காகப் பிடிக்கிறான். இரண்டாவதை முதலாவதில் விட்டதைப் பிடிப்பதற்காகப் பிடிக்கிறான். அதற்குப் பிறகு எதற்காகப் பிடிக்கிறான் என்று அவனுக்கே தெரிவதில்லை. தேர் இழுத்தவரின் முகத்தில் அது எழுதியிருந்தது. நான் இரண்டு பவுணோடு நிறுத்திக்கொண்டேன். அது புத்தி அல்ல, மனைவி சுகந்திக்கு என் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் தெரியும்.

ஆனால் சுவரில் எரிந்த எண்கள் என்னை விடவில்லை. கவுன்சிலில் என்னோடு வேலைசெய்யும் கார்த்திக்கிடம் மதியச் சாப்பாட்டில் கேட்டேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினிப் பிரிவு. என்னை 'சார்' என்று கூப்பிடும் ஒரே மனிதர் என்பதால் அவரோடுதான் சாப்பிடுவேன்.

"ரொம்ப சிம்பிள் சார்," என்றார் கார்த்திக். "ரெண்டுன்னு போட்டிருந்தா, ஒரு பவுண்டு வெச்சு ஜெயிச்சீங்கன்னா ரெண்டு பவுண்டு கைக்கு வரும். நீங்க வெச்சதும் அதுக்குள்ளயே. ஆறுன்னா ஆறு வரும். சின்ன நம்பர்னா ஜெயிக்கற ஆளு. பெரிய நம்பர்னா தேறாத ஆளு."

"அப்ப கடைக்காரருக்கு என்ன லாபம்?"

"இப்ப காசு சுண்டறோம்னு வைங்க. தலையா, பூவா. நியாயமா ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு போடணும். அவன் ஒண்ணே முக்கால் போடுவான். நீங்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண்டு வெச்சாலும் ரெண்டு போகும், ஒண்ணே முக்கால்தான் திரும்பி வரும். அந்தக் கால் பவுண்டுதான் சார் அவன் சாப்பாடு."

"பிழையா ரெண்டேகால் போட்டிட்டார் எண்டால்?"

"அவன் சாப்பாட்ட நீங்க சாப்பிடுவீங்க. ஆனா அப்படிப் போடறவன் இன்னும் பொறக்கல சார்."

"நீர் பந்தயம் பிடிக்கிறனீரோ?"

"இல்ல சார். அதான் கணக்குத் தெரியுமே."

3

இந்த வருடத்தோடு நான் லண்டனுக்கு வந்து முப்பது வருடம். யோசித்துப் பார்த்தால், சாத்தியக்கூறு என்ற பாடத்தை எனக்கு முதலில் எடுத்தது பெட்டிங் கடை அல்ல, குரோய்டன்.

அங்கேயுள்ள குடிவரவு அலுவலகத்தில் அகதி மனு விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். என்னைத் திருப்பி அனுப்பினால் எனக்கு ஆபத்து நேர நியாயமான அளவு சாத்தியம் உண்டா என்பது கேள்வி. நான் நன்றாக யோசித்து, உண்மையைச் சொன்னேன்.

"நடந்தாலும் நடக்கும். நடக்காமலும் விடும்."

மொழிபெயர்ப்பாளர் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இன்னொருக்கா வடிவா யோசிச்சுச் சொல்லும். ஆறுதலா," என்றார். அவருடைய அந்த ஒரு மிடறு தண்ணீரில்தான் இந்த நாட்டில் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அதற்கும் முந்தின பாடம் கொழும்பில். என்னை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு, எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார். வாய்ப்பு எப்படி என்று அப்பா கேட்டதற்கு, "ஐயா, போனா போனதுதான்," என்றார். நான் லண்டனுக்கு வந்து சேர்ந்தாலும் அவருக்கு நட்டமில்லை. இடையில் எங்காவது பிடிபட்டாலும் நட்டமில்லை. எல்லாக் குதிரையும் ஓடுகிற, எந்தக் குதிரை விழுந்தாலும் கடை விழாத தொழில். கார்த்திக் சொன்ன கால் பவுண் விளக்கத்தைக் கேட்டபோது எனக்கு அந்த எண்ணெய்த் தலைதான் ஞாபகம் வந்தது.

4

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் மிக இளைய உறுப்பினர் நான். எனக்கு ஐம்பத்தாறு வயது. இதிலிருந்து சங்கத்தின் நிலைமை விளங்கும்.

ஒவ்வொரு கோடையிலும் நான்கு பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் ஒரு காற்பந்துப் போட்டி நடத்துவோம். பள்ளிக்கூடங்களின் பெயர்களைச் சொன்னால் எனக்கு இன்னும் நாலு தொலைபேசி வரும். ஆகவே கடற்கரைப் பள்ளி, கோயிலடிப் பள்ளி, சந்திப் பள்ளி, எங்கள் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை நடத்துவது எங்கள் பொறுப்பு. வருகிற பணத்தில் ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டுவதாக அதிபருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பழையது கதவில்லாமல் நிற்கிறது. பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் இருக்கிறார்கள் என்று அதிபர் சொல்லியிருந்தார். அந்த ஒன்று மட்டும் இந்தக் கட்டுரையில் பகிடி இல்லை.

தலைவர் கனகசபை வீட்டு முன்னறையில் கூட்டம். அவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். யார் பேசினாலும் வாய்க்குள்ளேதான் பார்ப்பார்.

"ராஃபிள் டிக்கற் இனி ஓடாது," என்றார். "பிள்ளையள் வாறேல்லை. பிள்ளையள் வராட்டி சனம் ரெண்டு மணிக்கே வீட்டை போயிடும். என்ன செய்வம்?"

பெட்டிங் கூடாரம் ஒன்று போடலாம் என்றேன். எனக்கு அப்போது விஷயம் புதிதாகத் தெரிந்திருந்தது. புதிதாகத் தெரிந்த எதையும் நான் வைத்துக்கொண்டிருப்பதில்லை.

"ஐசே, சூதோ?" என்றார் தலைவர்.

"காசு வைக்கத் தேவையில்லை, டொக்டர். ரோல்ஸ் வைப்பம்."

தலைவர் யோசித்தார். "காசு வைச்சா சூது. ரோல்ஸ் வைச்சா பொழுதுபோக்கு. சரி."

ஏற்பாடு இதுதான். ஒரு பவுணுக்கு ஒரு சீட்டு. சீட்டைக் கொடுத்து ஒரு மட்டன் ரோல் வாங்கித் தின்னலாம். அல்லது அதை ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் வைக்கலாம். அந்தப் பள்ளிக்கூடம் கிண்ணத்தை வென்றால், அதற்குப் போட்ட எண்ணிக்கைக்கு ரோல்ஸ் கிடைக்கும். தோற்றால் பசி. ரோல்ஸ் செய்வது சுகந்தியும் சங்கத்துப் பெண்கள் மூவரும், முந்நூறு.

அனுமதி தேவையா என்று கவுன்சிலின் உரிமப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் அதை உணவுச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: ரோல்ஸ் சூடாக வைக்கப்படுமா, ஆறவைக்கப்படுமா? சூடாக என்று எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது. என் வாழ்க்கையில் இந்த நாட்டு அரசு நிர்வாகத்தோடு நடந்த மிக இனிமையான கடிதப் போக்குவரத்து அது. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

5

கார்த்திக் சொன்ன முறையில் உட்கார்ந்து எண்களைப் போட்டேன். வருடா வருடம் வெல்கிற கடற்கரைக்கு இரண்டு. கோயிலடிக்கு மூன்று. எங்களுக்கு ஐந்து. சென்ற வருடம் ஒரு கோல்கூட அடிக்காத சந்திப் பள்ளிக்கு ஆறு. கூட்டிப் பார்த்தேன்: எது வென்றாலும் முப்பது ரோல்ஸ் கிடைக்க ஒருவர் நாலு பக்கமும் சேர்த்து முப்பத்தாறு சீட்டு வைக்க வேண்டும். சங்கத்துக்குச் சாப்பாடு இருந்தது. அழகாக ஒரு நோட்டீஸ் தயாரித்து வட்ஸ்அப்பில் விட்டேன்.

தேநீர் ஆறுவதற்கு முன் கடற்கரைத் தலைவர் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நாங்கள் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்?"

"ஏன் அண்ணை?"

"கப் எடுக்கிறது நாங்கள். எங்களுக்கு ரெண்டு. பந்து எந்தப் பக்கம் போகுதெண்டு தெரியாத சந்திக்கு ஆறு. இது ஆர் திருத்தின பேப்பர்?"

சின்ன எண்தான் பலமான அணிக்கு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறியியலாளர், ஒருமுறை சொன்னாலே விளங்குகிறவர்.

"எனக்கு விளங்குது, தம்பி. நோட்டீஸ் பாக்கிற சனத்துக்கு விளங்குமோ? எங்கட பள்ளிக்கூடத்தின்ர பேருக்குப் பக்கத்தில ரெண்டு எண்டு கிடக்கு. நோட்டீஸ் கனடாவுக்கும் போயிட்டுது. அங்கயிருந்து கேக்கிறாங்கள்."

இதில் என்னால் அவரோடு மல்லுக்கட்ட முடியவில்லை. நாங்கள் பரீட்சைப் புள்ளியில் வளர்ந்த சமூகம். தொண்ணூற்றெட்டு எடுத்த பிள்ளையிடம் மீதி இரண்டும் எங்கே என்று கேட்டவர்கள் எங்களைப் பெற்றவர்கள். பள்ளிக்கூடத்தின் பெயருக்கு நேரே ஓர் எண் இருந்தால் அது புள்ளிதான். அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று எங்களுக்கு மூளை சொல்லும், வயிறு ஒத்துக்கொள்ளாது. கடற்கரைக்கு ஆறு போட்டேன்.

அரை மணிக்குள் கோயிலடி. "அவைக்கு ஆறு எண்டால் எங்களுக்கு மூண்டோ?" அவர்களுக்கும் ஆறு.

சந்திப் பள்ளித் தலைவரும் எடுத்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. "இத்தனை வருசத்தில எங்கட தரத்தை விளங்கிக்கொண்ட முதல் ஆள் நீர்தான்," என்றார். ஆறின் உண்மையான அர்த்தத்தை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் எண்ணையும் ஆறாக்கட்டுமா என்று தலைவரைக் கேட்டேன்.

"நாங்கள் நடத்திற விழா, ஐசே. நாங்களே எங்களுக்கு ஆறு போட்டா வடிவில்லை. அஞ்சில விடும்."

திருத்திய நோட்டீஸ் போனது. யாருக்கும் மனக்குறை இல்லை. திரும்பக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் சந்தோசமாக இருக்கும்போது யார் கூட்டிப் பார்க்கிறார்கள்?

அன்று மாலை மான்செஸ்டரிலிருந்து மகள் எடுத்தாள். அபிக்கு இருபது வயது, அங்கே பொருளியல் படிக்கிறாள். சங்கத்து விழாவுக்கு அவள் வந்து ஏழு வருடம். கூப்பிடும்போதெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படை ஏதாவது இருக்கும். மழையென்றாலும் வெயிலென்றாலும் அந்த ஒப்படை இருக்கும்.

"அப்பா, அம்மா நோட்டீஸ் அனுப்பினா. நான் வாறன்," என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, நண்பர்கள் நாலு பேரையும் கூட்டிவரலாமா என்று கேட்டாள். ஒருவர் இத்தனை சீட்டுத்தான் வைக்கலாம் என்று ஏதாவது கட்டுப்பாடு உண்டா என்றும் கேட்டாள்.

"ஒரு கட்டுப்பாடும் இல்லை, பிள்ளை. விரும்பின அளவு வையுங்கோ."

"அப்பா, ஆர் யூ ஷுவர்?"

தகப்பனுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று கேட்கிறாள் என்று நினைத்தேன். போனை வைத்த பிறகு சுகந்தியிடம், "பிள்ளை எங்களிட்டைத் திரும்பி வாறாள்," என்றேன். சுகந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

6

விழா நாள் வெயில். அபியும் நண்பர்களும் வந்ததும் என் கூடாரத்துக்கு வந்து, ஆளுக்குக் கொஞ்சமாக எண்பது சீட்டு வாங்கினார்கள். நான்கு பள்ளிக்கூடத்துக்கும் இருபது இருபதாக வைத்தார்கள். யாருக்கும் மனம் நோகக் கூடாதென்று சமமாக வைக்கிற பிள்ளையைப் பெற்றேன் என்று பூரித்து, ரப்பர் முத்திரையைப் பலமாகக் குத்தினேன்.

மற்றவர்கள் வழக்கப்படி தங்கள் தங்கள் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்தார்கள்.

போட்டி தொடங்கியது. அபி மைதான எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கடற்கரை அடித்தாலும் துள்ளினாள். கோயிலடி அடித்தாலும் துள்ளினாள். சந்திப் பள்ளி பந்தைத் தொட்டதற்கே கைதட்டினாள். நான் கனகசபையின் தோளைத் தட்டிக் காட்டினேன்.

"பாத்தீங்களே டொக்டர். எங்கட தலைமுறைக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடப் பிரிவினை. அவளுக்கு எல்லாம் ஒண்டு."

"நல்ல வளர்ப்பு," என்றார் தலைவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் துடைத்தேன்.

கடற்கரை கிண்ணத்தை எடுத்தது. அவர்களுடைய ஆட்கள் முப்பது சீட்டோடு வந்தார்கள். முப்பது ஆறு நூற்றெண்பது. பிறகு அபி இருபது சீட்டோடு வந்தாள். இருபது ஆறு நூற்றிருபது. சுகந்தி தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள். கடைசித் தட்டு போனதும் மேசையில் எண்ணெய்க் கடதாசி மட்டும் கிடந்தது. இருநூறு சீட்டு விற்ற காசு தகரப் பெட்டிக்குள். முந்நூறு பவுணுக்குக் குறையாமல் வரும் என்று அதிபருக்கு நான் சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் கூட்டுப்பட்டது. பள்ளிக்கு ஒரு சீட்டாக நாலு கொடுக்கிறவனுக்கு ஆறு. எங்கள் பள்ளி வென்றிருந்தாலும் ஐந்து. எது வென்றாலும் அவளுக்கு நட்டமில்லை. கார்த்திக் இன்னும் பிறக்கவில்லை என்று சொன்ன ஆள் யாழ்ப்பாணத்தில் ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்பே பிறந்துவிட்டான்.

"எல்லாருக்கும் கைதட்டினியே, பிள்ளை," என்றேன்.

"எல்லாத்திலயும் வைச்சனான், அப்பா," என்றாள் அபி. குற்ற உணர்ச்சி எதுவும் இல்லாமல் அன்பாகத்தான் சொன்னாள்.

அதற்குள் கூடாரத்துக்கு வெளியே சத்தம். தோற்ற மூன்று பள்ளிக்கூடத்துச் சனமும் பசியோடு நின்றது. சந்திப் பள்ளித் தலைவர், "ஆறு போட்டீரே ஐசே, ஒரு ரோல்கூட மிச்சம் இல்லையே?" என்றார். கதவில்லாத கழிப்பறை என் கண்முன் வந்தது. என் சட்டைப்பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டலாம் என்று பார்த்தேன். சட்டைப்பையின் கடவுச்சொல்லும் சுகந்தியிடம்.

அபியும் நண்பர்களும் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு காரின் பின்கதவைத் திறந்து, தட்டுகளை அடுக்கி, ரோல் ஒன்று ஒன்றரைப் பவுண் என்று விற்கத் தொடங்கினார்கள். என் மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அன்ரி, வாங்கோ! மட்டன் ரோல், சூடு! மாமா, ஒண்டு காணாது, ரெண்டா எடுங்கோ! அம்மா செய்தது!" என்று கத்தினாள். ஏழு வருடத்தில் என்னோடு பேசாத தமிழை அரை மணி நேரத்தில் பேசி முடித்தாள். சனம் விலையைப் பார்த்து முணுமுணுத்தது, வாங்கியது, தின்றது. கடற்கரைத் தலைவர்கூடத் தன் ரோல்ஸை முடித்துவிட்டு வந்து இன்னும் இரண்டு வாங்கினார்.

தட்டுகள் காலியானதும், அபி தானும் நண்பர்களும் போட்ட எண்பது பவுணை எடுத்துக்கொண்டு மீதியைத் தாயிடம் கொடுத்தாள். பெட்டியில் சேர்த்துப் பார்த்தால் முந்நூறுக்குச் சில பவுண் குறைவு. அந்தச் சில பவுணை நண்பர்கள் தின்றிருந்தார்கள்.

7

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் சுகந்தி சொன்னாள்.

"நீங்கள் ரெண்டாம் நோட்டீஸ் விட்ட அண்டைக்கே அவள் எனக்குச் சொல்லிப்போட்டாள்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஏழு வருசத்துக்குப் பிறகு பிள்ளை தானா வாறன் எண்டவள். நீங்கள் கணக்கைத் திருத்தினா அவள் வரமாட்டாள். எது பெரிசெண்டு பாத்தன்."

பின்இருக்கையில் அபி நித்திரை. கையில் எண்ணெய் மினுங்கியது. நான் ஹேங்கர் லேன் சுற்றுவட்டத்தைத் தேவைக்கு அதிகமாக ஒருதரம் சுற்றினேன். வழி தவறியதாகச் சுகந்தி நினைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிப் பந்தயம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு: எண்களைக் கூட்டிப் பாருங்கள். கடைக்காரனுக்குச் சாப்பாடு இருந்தால் அது உங்களுடைய சாப்பாடு. இல்லாவிட்டால் கடைக்காரன் உங்கள் அப்பாவாக இருக்கலாம்.

அடுத்த வாரம் காசை அனுப்பிவிட்டு அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். கதவு இரண்டும் தண்ணீர்த் தொட்டியும் உடனே போடலாம் என்றார். மனம் நிறைந்துபோய், நடந்த கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். எண்ணுக்கு என்ன அர்த்தம், யார் யார் எடுத்துக் கதைத்தார்கள், நான் எங்கே பிழைவிட்டேன், மகள் எப்படிப் பிடித்தாள் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கணித ஆசிரியராக இருந்து அதிபரானவர். ஒரு இடத்திலும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அதெல்லாம் சரி, தம்பி," என்றார். "மற்ற மூண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஆறு. எங்களுக்கு மட்டும் ஏன் அஞ்சு?"